ஜோனலுக்கு மேலே ஒரு தடை

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் தடை என்ற சொல்லை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ரசாயனத்துக்குத் தடை, அந்த ஊரில் வெடிக்கத் தடை, ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரத் தடை என்று வருஷம் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தடை வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டில் ஸ்டே வாங்க வேண்டும். அதனால், எங்கள் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குத் தடை வரலாம் என்று நான் மைதானத்தில் நின்று சொன்னபோது பதினாறு பிள்ளைகளில் ஒருத்திகூட அழவில்லை. கேப்டன் மட்டும் கையைத் தூக்கினாள். "ஸ்டே வாங்கிறலாமா மேடம்?" என்று கேட்டாள்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, போய்ப் பயிற்சியைப் பாருங்கள் என்று விரட்டிவிட்டேன். ஸ்டே யாரிடம் வாங்குவது என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது.

நான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். சுருக்கமாக பி.டி. மேடம். கோபக்காரி என்று பெயர், அந்தப் பெயரில் பொய் ஒன்றும் இல்லை. பஸ் கண்டக்டர் விசில் அடிக்கும் முன்னால் டிரைவர் வண்டியை எடுத்தால்கூட எனக்குப் பொறுக்காது. போட்டி விதிப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பேன். மூலை மடங்கி, எண்ணெய் பட்டு, ஒரு பக்கத்தில் முறுக்குத் துணுக்கு ஒட்டியிருக்கும். என் வீட்டுக்காரர் காலண்டர் அச்சடிக்கும் ஆபீசில் பிழை திருத்துகிறவர். "நான் எழுத்துப் பிழை பார்க்கிறேன், நீ ஆள்களில் பிழை பார்க்கிறாய்" என்பார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

போட்டி நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் கல்லூரிகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்துக்குள் ஆடுவது ஜோனல். ஜோனலில் முதலாவதாக வருகிற அணி மற்ற மண்டலங்களின் அணிகளோடு ஆடுவது இன்டர்ஜோன். அது முடிந்ததும் எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்துப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். அவர்கள் வீட்டில் பெரும்பாலும் அம்மா பட்டாசுக் கம்பெனியில், அப்பா தீப்பெட்டியில் அல்லது லோடு ஏற்றுகிற வேலையில் இருப்பார்கள்.

எங்கள் கல்லூரி அணி ஜோனலில் ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லை. அந்த வருஷம் வந்தது. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நாள்கள். கரிசல் மண் பூட்சில் அப்பி ஆளுக்கு ஒரு கிலோ கூடியிருந்தது. அந்தச் சேற்றில் ஐந்து ஆட்டம் ஆடினோம். நாலில் ஜெயித்தோம், ஒன்று டிரா. அந்த டிரா ஆலங்குளம் பக்கத்துக் கல்லூரி அணியோடு. அவர்களுக்கு ஏற்கெனவே தடை இருந்தது. ஜோனல் ஆடலாம், ஜெயித்தாலும் அதற்கு மேலே எதிலும் ஆடக்கூடாது, பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும்போதும் போகக்கூடாது. எங்கேயும் கொண்டுபோய் விடாத ஆட்டத்தை அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். எங்களுக்கு எதிராக அவர்களின் முன்வரிசைப் பெண் போட்ட கோல் மாதிரி ஒன்றை நான் பெண்கள் ஆட்டத்தில் பார்த்ததில்லை. அந்தத் தடையைப் போட்டது நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசி ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பருக்கு இடது கை மோதிர விரலில் அடி. மூன்றாம் வருஷம் படிக்கிறவள், அச்சங்குளத்துப் பெண். பந்தைப் பிடித்துவிட்டு அவள் விடுகிற மூச்சுச் சத்தம் நடுக்கோடு வரைக்கும் கேட்கும். அவளுடைய அம்மா அவளைத் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், விரலுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், இன்டர்ஜோனுக்கு ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அணியின் கோப்பில் வைக்க ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் பிள்ளைகளின் ஆஸ்பத்திரிச் சீட்டு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் பெயர், அவருடைய தொழிலாளர் காப்பீட்டு அட்டை நம்பர், உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று இருக்கும். இதில் 'தானே' என்று இருந்தது. அதாவது அட்டை இவளுடையது. இவளே தொழிலாளி.

விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே எனக்கு அந்த வரி தெரியும். முழுநேர வேலையில் இருப்பவர் கல்லூரி அணியில் ஆடக்கூடாது. ஆடியது தெரிந்தால் அவரை மட்டும் நீக்கினால் போதாது. அந்த அணியே அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஜோனலுக்கு மேலே எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது.

அவளைக் கூப்பிட்டேன். என் அறைக்கு வந்து, பந்து மூட்டைக்குப் பக்கத்தில் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ கம்பெனிக்குப் போறியா?"

"இல்லை மேடம். லீவுக்குத்தான் போவேன்."

"படிவம் நிரப்பும்போது கேட்டேனே, வேலைக்குப் போறவங்க யாராவது இருக்கீங்களான்னு. ஏன் சொல்லலை?"

"வேலைக்குப் போறீகளான்னுதானே கேட்டீக மேடம்" என்றாள். "லீவுக்குப் போறீகளான்னு கேக்கலையே."

கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மேஜையில் போட்டேன். அவள் பயப்படவில்லை. புரியாத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நின்று விளக்கினாள். வேலைக்குப் போகிறது என்றால் தினசரி காலையில் கம்பெனி வண்டியில் ஏறி, பொழுதடைய இறங்குவது. அவள் அம்மா அப்படிப் போகிறார். லீவுக்குப் போகிறது என்றால் மே மாதம், அப்புறம் தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமை, சக்கரத்துக்கு லேபிள் ஒட்டக் கூடமாடப் போய்வருவது. அது வேறு, இது வேறு. பிளஸ் டூ முடித்து, பதினெட்டு முடிந்த பிறகு முதல் லீவுக்குப் போனபோது கம்பெனியில் முறையாகப் பெயர் பதிந்து அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் அட்டை கையில் இல்லை. தன் நம்பர் தனக்கு மனப்பாடம், அதைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்.

அவள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இருபது வருஷமாக இந்த ஊரில் இருந்துகொண்டு, 'லீவுக்குப் போகிறது' என்று ஆயிரம் தடவை கேட்டும், அது என் படிவத்தில் எந்தக் கட்டத்தில் வரும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. என்மேல்தான் எரிச்சல் வந்தது, ஆனால் அவளைத்தான் திட்டினேன். விரலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளக்கூடத் தெரியாதா என்று சம்பந்தமே இல்லாமல் சத்தம் போட்டு அனுப்பினேன்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பிற்பகல் முழுக்க அது என் மேஜை டிராயரில் கிடந்தது. நான் டிராயரைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

மறுநாள் முதல்வரிடம் சொன்னேன். நல்ல மனுஷி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதையெல்லாம் கிளற வேண்டுமா என்று கேட்டார். கல்லூரிச் செயலருக்கும் தகவல் போயிற்று. செயலர் பட்டாசுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர், எங்கள் அணி ஜெயித்த அன்று எல்லாருக்கும் பிரியாணி போட்டவர். போனில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இதுக்கு லைசன்சு குடுக்கிறது யாரு? ரத்து பண்றது யாரு? அதைச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

விளையாட்டுக்கு லைசன்ஸ் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று அவர் நம்பவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. யார் நடத்துகிறார்கள், யார் தடை போடுகிறார்கள்? எல்லாரையும்போல நானும் 'யூனிவர்சிட்டி' என்றுதான் சொல்லிவந்தேன். எனவே பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநருக்கே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், நான் சீல் வைக்கிறவன். ஜோனல் விஷயத்துல முடிவு உங்க மண்டலக் கமிட்டியோடது. நீங்க எழுதி அனுப்புறதைத்தான் நான் உத்தரவாப் போடுறேன். கமிட்டிக்குச் செயலாளர் நீங்கதானே?"

நான்தான். மூன்று பி.டி.க்கள் கொண்ட கமிட்டி. என்னோடு இன்னும் இரண்டு பேர். தன் கல்லூரி விவகாரம் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படியானால் நான் வெளியே. இன்னொருவர் விருதுநகரில் ஒரு கல்லூரியின் பி.டி. அவர் மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தார். மற்றவர் என்ன முடிவு எடுத்தாலும் தனக்குச் சம்மதம், வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த மற்றவர், ஆலங்குளம் பக்கத்துக் கல்லூரியின் பி.டி. சார். போன வருஷம் நான் தடை போட்ட கல்லூரி அவருடையது.

போன வருஷம் நடந்தது இது. அவர் அணியின் முன்வரிசைப் பெண் படிப்பை நிறுத்திவிட்டவள், வெளியாளை ஆடவைக்கிறார்கள் என்று வேறொரு கல்லூரியிலிருந்து புகார் வந்தது. வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். அவர்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து செல்லுக்கு அனுப்பினார்கள். அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு. அவள் மறுபடி சேர்ந்துவிட்டாள், நேரில் வந்து பாருங்கள் என்று சார் போனில் சொன்னார். பேப்பர் போதும் சார் என்றேன். சேர்ந்ததற்கான ஆர்டரை ஐந்து மணிக்குள் அனுப்பச் சொன்னேன். ஐந்து மணிக்கு வரவில்லை. ஐந்து பத்துக்குக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். சார் எழுந்து வெளியே போய்விட, விருதுநகர்க்காரர் நான் எழுதியதில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷம் முழுக்க ஆட்டமில்லை. அணிக்கு இரண்டு வருஷம் ஜோனலுக்கு மேலே கிடையாது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, நேர்மையாக ஒரு வேலை செய்தோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அவருக்கு நான் போன் போட வேண்டியிருந்தது. இரண்டு தடவை நம்பரை அழுத்திப் பாதியில் நிறுத்தினேன். மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டு, அட்டை, லீவுக்குப் போகிறது, எல்லாம். "சனிக்கிழமை வாரேன் மேடம்" என்றார். பேப்பரை அனுப்புகிறேனே சார் என்றேன். வேண்டாம், வருகிறேன் என்றார்.

சனிக்கிழமைக்குள் செய்தி அச்சங்குளம் வரைக்கும் போய்விட்டது. கோல்கீப்பரின் அம்மா ஒருநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு என்னைப் பார்க்க வந்தார். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"என் மக ஒருத்தியால அம்புட்டுப் பேருக்கும் பூட்டாமே டீச்சர்" என்றார். "அவளை மட்டும் கழிச்சு விட்டுருங்க. மத்த பிள்ளைக போகட்டும்."

அப்படிக் கழிக்க முடியாது, அவள் ஏற்கெனவே ஐந்து ஆட்டம் ஆடிவிட்டாள் என்று சொன்னேன். புரிந்துகொண்டார். கம்பெனியிலும் அதேதான் என்றார். ரூமில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்திருந்ததை ஆய்வுக்கு வந்தவர் பார்த்துவிட்டால், அந்த ஆளை எழுப்பிவிட்டாலும் பூட்டுப் பூட்டுத்தான் என்றார். பிறகு, கம்பெனியில் கேட்டு அட்டையை வாங்கிக் கொடுத்ததே தான்தான், பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கட்டும் என்று நினைத்ததாகச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் கம்மியது. டீ வாங்கிவரச் சொல்லி அதைக் குடிக்கவைத்துத்தான் அனுப்பினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சார் வந்தார். காலையில் ஆறு மணிக்கே கிளம்பி, இரண்டு பஸ் மாறி, நேராக என்னிடம் வராமல் அச்சங்குளம் போயிருக்கிறார். கம்பெனி வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதனால் அவள் அங்கே வந்த ஒவ்வொரு நாளையும் பதிவேட்டைப் பார்த்து ஒரு நோட்டில் கையால் எழுதி எடுத்து வந்திருந்தார். இரண்டரை வருஷத்து நாள்கள். எழுத்து மணிமணியாக இருந்தது.

கல்லூரி வருகைப் பதிவேடுகளை அவர் முன்னால் வைத்துவிட்டு, வழக்கப்படி நான் வெளியே வந்துவிட்டேன். வாலிபால் கம்பத்துக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் நின்றேன். பிள்ளைகள் பயிற்சி என்ற பேரில் பந்தை உருட்டிக்கொண்டு என் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அவருடைய விரல் தெரிந்தது. நோட்டில் ஒரு வரி, பதிவேட்டில் ஒரு வரி, மறுபடி நோட்டு. அடிக்கோல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்தார். நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் இப்போது பழி தீர்த்துக்கொண்டால் கேட்பதற்கு ஆள் கிடையாது. மேலே இருப்பவர் வெறும் சீல் வைக்கிறவர்.

ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் வழியாகக் கோல்கீப்பரைக் கூப்பிட்டார். ஒரு சனிக்கிழமை இரண்டு இடத்திலும் அவள் வந்ததாக இருந்தது. அவள் உள்ளே போய் என்னவோ சொன்னாள். அவர் கம்பெனி போர்மேனுக்குப் போன் போட்டார். அது மழை லீவுக்கு ஈடாகக் கல்லூரியில் வைத்த வேலை நாள். கல்லூரி மதியத்தோடு முடிந்தது, அவள் பிற்பகல் மட்டும் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். போர்மேன் தன் பதிவைப் பார்த்து அரைநாள்தான் என்று உறுதி சொன்னார். இதெல்லாம் பிறகு அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது.

அதன்பின் அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். எழுதியதைப் படித்துக் காட்டினார். 'இவர் கல்லூரி நடைபெறாத நேரங்களில் மட்டும் வேலை செய்திருக்கிறார். முழுநேரப் பணியாளர் அல்லர். முழுநேர மாணவி. ஆடத் தகுதி உண்டு.' நாலே வரி. கீழே அவர் கையெழுத்து.

ரொம்ப நன்றி சார் என்றேன். நன்றியெல்லாம் எதற்கு, பதிவேட்டில் இருப்பதைத்தானே எழுதியிருக்கிறேன் என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"போன வருசம் நீங்களும் ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம் மேடம்."

எனக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. நல்லதைச் செய்துவிட்டுக் குத்திக் காட்டுகிறாரே என்று. அவரை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பிய பிறகுதான் அந்தக் கோபம் திரும்பி என்மேல் வந்தது. ஆலங்குளம் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அங்கே போக எனக்கு ஐந்து மணிக்குள் நேரமில்லை.

இன்டர்ஜோன் திருநெல்வேலிப் பக்கம் நடந்தது. கோல்கீப்பர் அடிபட்ட விரலையும் பக்கத்து விரலையும் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு ஆடினாள். முதல் ஆட்டத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அரையிறுதியில் டைபிரேக்கர் வரைக்கும் போய் ஒரு கோலில் தோற்றோம். தோற்ற அணி மாதிரியே இல்லை எங்கள் பிள்ளைகள். வருகிற வழியில் வேனை நிறுத்தச் சொல்லி அல்வா வாங்கி, வேன் முழுக்க நெய்யாக்கி, சிவகாசி வருகிற வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார்கள். கண்டிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் அல்வா சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஆலங்குளம் பஸ் ஏறினேன். அந்தக் கல்லூரி மைதானம் எங்களுடையது மாதிரி கறுப்பு இல்லை. பக்கத்துச் சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் தூசி படிந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. பிள்ளைகள் முழங்கால் வரைக்கும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். சார் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க மேடம். சாப்பிட்டீகளா?" என்றார். போன வருஷத்துப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இருபத்தோராவது வரிசையில் அந்தச் சிவப்புக் கோடு இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தின் கடைசி வரிசையில், வேறு மையில், அதே பெயர். மறுபடி சேர்கிற பிள்ளையை வரிசையின் கடைசியில் எழுதுவார்கள். எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான். புகார் வந்த ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே சேர்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி, வீட்டைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதம் நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு பக்கத்தைப் புரட்டினால் தெரிந்திருக்கும். எனக்கு வந்த போட்டோவில் புரட்ட முடியாது.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை மட்டும் மறைத்துக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து, முழுதாக விசாரிக்காமல் எடுத்த முடிவு தவறு, தவறு என்னுடையது, தடையை நீக்குகிறோம் என்று எழுதினேன். அவர் வழக்கப்படி எழுந்து வெளியே போய்விட்டார். சென்னையிலிருந்து திரும்பியிருந்த விருதுநகர்க்காரரிடம் அன்று மாலையே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். இயக்குநரிடம் போனில், மேலே வேறு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்றேன். "போட்டவங்களே எடுக்கலாம் மேடம், அதுக்கு மேல யாரும் இல்லை" என்றார்.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் நாளுக்கு நாலு நாள் முன்னால் உத்தரவு வந்துவிட்டது. ஆள் எடுத்த அன்றைக்கு ஆலங்குளம் கல்லூரியிலிருந்து ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். முன்வரிசைப் பெண்ணும் வந்தாள். மூன்றாம் வருஷம். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பிரித்து ஆடவிட்ட ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் எதிர்ப்பக்கம். இவள் அடித்த இரண்டு பந்தை அவள் பிடித்தாள், மூன்றாவது உள்ளே போயிற்று. நான் யார் பக்கம் என்று தெரியாமல் மூன்றுக்கும் கைதட்டினேன். மாலையில் பட்டியல் வாசித்தார்கள். இரண்டு பெயரும் இருந்தன. அச்சங்குளத்துக்கு அங்கிருந்தே போன் போனது. அந்த அம்மா எடுத்த எடுப்பில், "டீச்சர் திட்டுனாகளா?" என்று கேட்டிருக்கிறார்.

எல்லாம் முடிந்து தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முன்வரிசைப் பெண் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"போன வருஷம் உனக்குப் போட்ட தடை..."

"அது சரியாப் போச்சு மேடம்" என்றாள் சிரித்துக்கொண்டே. "யூனிவர்சிட்டிக்காரக ஏதோ தப்பாப் போட்டுட்டாகளாம். எங்க சார் அப்பவே சொன்னாக."

சார் தூரத்தில் பந்துகளைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக, அந்தப் பிள்ளைகளிடம் ஒருதடவைகூட அவர் என்னைக் கைகாட்டவில்லை. ஜோனல் ஆட்டத்தன்று அவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனதற்கு அதுதான் காரணம். அதை நான் பயம் என்று நினைத்திருந்தேன்.

"யூனிவர்சிட்டி இல்லைம்மா. போட்டது நான்தான். விசாரிக்காமல் போட்டேன். மன்னிச்சுக்கோ."

அவள் சிரிப்பு நின்றது. பாட்டிலைத் தூக்கி இரண்டு மடக்குக் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"அப்ப எடுத்தது யாரு மேடம்?"

"அதுவும் நான்தான்."

பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு வருசம் போயிருச்சே மேடம்" என்றாள். அதில் கோபம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

போட்டோ எடுக்க அணியைக் கூப்பிட்டார்கள். அவள் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.